தகடும் தகடும் சேருமிடம்

எபாக்சி பிரைமர் அடித்து இரண்டு நாள் ஆகிறது. கண்ணாடி இல்லை, கதவு இல்லை, சீட் இல்லை. நான்கு ஸ்டாண்டின்மேல் சாம்பல் நிறத்தில் நிற்கிறது அப்பாவின் ஃபியட். 1969 மாடல், 1100 டி. அம்பத்தூர்ப் பக்கம் ஒரு கொட்டகை. மேலே சிமென்ட் ஷீட், கீழே பாதி மண்ணும் பாதி காரையுமாகத் தரை. காலை ஏழு மணிக்கு இங்கே யாரும் இருப்பதில்லை. நான் சீக்கிரம் வந்துவிடுகிறேன்.

இந்த நிலையில் ஒரு காரைச் சுற்றிவந்து பார்த்தால்தான் அது எத்தனை துண்டுகளால் ஆனது என்று தெரிகிறது. பெயிண்ட் ஏறிப் பளபளப்பு வந்துவிட்டால் எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோல் ஆகிவிடும், கண்ணும் நம்பிவிடும். இப்போது அதற்கு வழியில்லை. தரைத்தகடு தனி, சக்கர வளைவு தனி, கூரை தனி, பக்கவாட்டு தனி. அவற்றுக்கு நடுவே கோடு கோடாகப் பொருத்துவாய்கள். இன்று முதல் அந்தக் கோடுகளுக்கு சீலர் வைக்கிற வேலை.

ஐந்து மாத டிங்கரிங்குக்கும் பெயிண்டுக்கும் நடுவே வரும் நான்கு நாள் வேலை இது. யாரும் இதைப் படம் எடுத்து வைத்துக்கொள்வதில்லை. முடிந்தபின் பெரும்பகுதி கண்ணில் படுவதும் இல்லை. ஆனால் இந்த வண்டிக்கு இன்னும் எத்தனை ஆயுசு என்பது இந்த நான்கு நாளில் எழுதப்படுகிறது.

*

இரண்டு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, இருபுறமும் செம்பு முனைகளால் அழுத்தி, ஒரு நொடிக்கும் குறைவாக மின்சாரம் பாய்ச்சினால் அந்தப் புள்ளி மட்டும் உருகி ஒன்றாகும். பட்டாணி அளவுப் புள்ளி. அடுத்தது இரண்டு மூன்று விரற்கடை தள்ளி. இதுதான் ஸ்பாட் வெல்டிங். வலுவுக்கு இது போதும். புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே மட்டும் தகடுகள் ஒட்டுவதில்லை, தொட்டுக்கொண்டு இருக்கின்றன.

அந்தத் தொடுதலுக்குள் ஓர் இடைவெளி உண்டு. பத்தில் ஒரு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அவ்வளவு நெருக்கத்தில் நிற்கும் இரண்டு தகடுகளுக்கு நடுவே தண்ணீர், யாரும் தூக்காமலே, ஏறக்குறைய 15 செ.மீ. மேலே ஏறும். திரியில் எண்ணெய் ஏறுகிற அதே விசை. இடைவெளி பாதியானால் ஏறும் உயரம் இரு மடங்கு. இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பெரிய ஓட்டையில் புகுந்த தண்ணீர் வழிந்துபோகும், காற்றுப்பட்டுக் காயும். கண்ணுக்குத் தெரியாத சந்தில் புகுந்தது மேலே ஏறி அங்கேயே தங்கிவிடும். அதற்கு வெயில் தெரியாது.

கேம்பிரிட்ஜில் யூ. ஆர். எவன்ஸ் என்பவர் 1920-களில் இரும்புத் தகட்டின்மேல் ஓர் உப்புநீர்த் துளியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். காற்று தாராளமாகப் படுகிற துளியின் விளிம்பு தப்பித்துக்கொண்டது. ஆக்சிஜன் குறைவாகச் சென்று சேர்கிற நடுப்பகுதிதான் அரித்தது. சந்துக்குள் நடப்பதும் அதுவே. மூச்சு முட்டுகிற இடத்தில் இரும்பு கரைகிறது. அப்படி உண்டாகும் துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இடம் கிடைக்காவிட்டால் தகட்டை நெம்பித் தள்ளும். பழைய கார்களின் தரை விளிம்பில், புள்ளிகள் அமுங்கியும் நடுப்பகுதி உப்பியும், மெத்தை தைத்ததுபோல் தெரிவது இதனால்தான்.

இன்றைய கார் உடம்பை முழுசாகப் பெயிண்ட் தொட்டியில் மூழ்கடித்து மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். மடிப்புக்குள்ளும் ஒரு படலம் போய்ச் சேர்கிறது. அப்பாவின் வண்டியில் மடிப்புகளைப் பிரித்தபோது உள்ளே பெயிண்டின் சுவடே இல்லை. மேலே வைத்த சீலர் ஒன்றுதான் காவல். அது சுருங்கி வெடித்த நாளிலிருந்து காவலும் இல்லை. வெடித்த சீலர், இல்லாத சீலரைவிட மோசம். பின்னால் புகுந்த தண்ணீரை வெளியே விடாமல் அணைத்து வைத்துக்கொள்ளும்.

*

மழை நின்று வீட்டுக்கு வந்ததும் அப்பா முதலில் செய்வது, போர்ட்டிகோவில் வண்டியை நிறுத்தி நான்கு கதவுகளையும் அகலத் திறந்து விடுவது. கரையேறிய நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைக்குமே, அப்படி நிற்கும் வண்டி. ரப்பர் மேட்டைத் தூக்கிக் கொடியில் போடுவார். கீழே பழைய செய்தித்தாளைப் பரப்புவார். மறுநாள் காலை அந்தத் தாள்கள் காம்பவுண்டுச் சுவரில் கல் வைத்துக் காய்ந்துகொண்டிருக்கும். 'ஃபியட்னா அப்படித்தான்' என்பார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அவர் தேடியதில்லை. வந்ததை வெளியேற்றினார்.

தரையில் தண்ணீர் நின்றால் தரையில் ஓட்டை என்று நினைப்பது இயல்பு. கழற்றுவதற்கு முன், சென்ற ஆண்டு, ஒரு சோதனை செய்தேன். உள்பக்கம் முழுக்க முகப்பவுடரைத் தூவிவிட்டு, வெளியே சக்கர வளைவில் தொடங்கி மெதுவாக மேலே மேலே குழாய்த் தண்ணீரைக் காட்டிக்கொண்டு போனேன். கீழிருந்து மேலே போக வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லாம் நனைந்து எதுவும் புரியாது. கதவு மட்டம் வரை ஒன்றும் இல்லை. கண்ணாடி ரப்பரிலும் பெரிதாக இல்லை. கூரையின் ஓரத்தில் ஒரு சிறு வாய்க்கால் ஓடுகிறதே, வீட்டுத் தாழ்வாரத்துக்குத் தகரக் கால்வாய் வைப்பதுபோல், அங்கே தண்ணீர் பட்டதும் முன்தூணின் உட்புறத்தில் பவுடரைக் கிழித்துக்கொண்டு ஒரு மெல்லிய கோடு இறங்கியது. கூரைத் தகடும் பக்கத் தகடும் சேருமிடம் அந்த வாய்க்காலின் அடியில் ஒளிந்திருக்கிறது. அங்கே வைத்த சீலர் முடியிழையளவு விலகியிருந்தது. தண்ணீர் தூணுக்குள் இறங்கி, டேஷ்போர்டின் பின்னால் நடந்து, ஓட்டுநரின் காலடிக்கு வந்திருக்கிறது. அப்பா முப்பது ஆண்டுகள் கூரையிலிருந்து வந்த தண்ணீரைத் தரையில் துடைத்திருக்கிறார்.

அவர் செய்தது பாதிதான் என்று அன்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

*

2009-இல் ஒரு பட்டறையில் கொடுத்து அடிப்பக்கம் வேலை செய்தோம். அப்போது அப்பா இருந்தார். கதவுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஒரு பெட்டித் தகடு ஓடும், உள்ளே வெற்றிடம். 'சில்' என்பார்கள். அதைப் பட்டி பார்த்து, சீலர் பூசி, தார் அடித்து, கன்னம்போல் வழவழப்பாக்கிக் கொடுத்தார்கள். குனிந்து தடவிப் பார்த்த அப்பாவுக்கு மிகவும் திருப்தி. எனக்கும்.

அந்தப் பெட்டியின் அடியில் சிறு துளைகள் இருந்திருக்க வேண்டும். உள்ளே வியர்க்கிற ஈரமும் எப்படியோ புகுந்த மழைநீரும் வெளியேறுவதற்காகத் தொழிற்சாலையில் விட்ட துளைகள். எல்லாவற்றையும் அடைத்திருந்தார்கள். வழவழப்பு அப்படி வந்தது.

2015 டிசம்பரில் அடையாறு பெருகி, ஜாஃபர்கான்பேட்டையில் எங்கள் தெருவுக்குள் வந்தபோது வண்டி மூன்று நாள் தண்ணீரில் நின்றது. வடிந்தபின் சீட்டைக் கழற்றினோம், மேட்டைப் பிடுங்கினோம், கதவுகளைத் திறந்துவைத்தோம். வாரக்கணக்கில் காயவிட்டோம். இன்ஜினைப் பிரித்துக் கழுவி ஓடவும் வைத்துவிட்டோம். சில்லுக்குள் புகுந்த ஆற்றை மட்டும் யாரும் நினைக்கவில்லை. மூன்று ஆண்டு கழித்து ஒரு பஞ்சரின்போது ஜாக்கியை வைத்துத் திருகினேன். வண்டி மேலே வரவில்லை. ஜாக்கி சில்லுக்குள் ஏறியது. நொறுங்கிய ஓட்டை வழியே கைவிட்டால் ஈரமான கருஞ்சேறு. அதில் ஒரு பிடி இன்னும் வீட்டில் டப்பாவில் இருக்கிறது. ஏன் எடுத்துவைத்தேன் என்று சொல்லத் தெரியவில்லை.

இந்த வண்டிக்குத் தனியாகச் சேஸி கிடையாது. சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்குக் கீழே எலும்புக்கூடு தனி, மேலே உடம்பு தனி. 1953-இல் ஜெனீவா கண்காட்சியில் இத்தாலிக்காரர்கள் அறிமுகப்படுத்திய ஃபியட் 1100-103-க்கும், அதன் வழிவந்த 1100 டி-க்கும் உடம்பே எலும்பு. இத்தாலியில் 1100 டி 1966-லேயே நின்றுபோனது. பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் அதை 1964 முதல் கட்டி, 1974-இல் பத்மினி என்று பெயரிட்டு, 2000 வாக்கில்தான் நிறுத்தியது. பம்பாய் டாக்சிகளில் கடைசிப் பத்மினிகள் சாலையைவிட்டு இறங்கியது 2023 அக்டோபரில். இத்தனை ஆண்டு, இத்தனை மழையில், அந்த வண்டிகளின் முதுகெலும்பாக இருந்தது இந்தத் தகரப் பெட்டி. சில் போனால் வண்டி நடுவில் தொய்யும், கதவு சாத்தாது.

*

டிங்கர் பாய்க்கு எழுபது வயது நெருங்குகிறது. புதுப்பேட்டையில் பன்னிரண்டு வயதில் சுத்தியல் பிடித்தவர். புது சில் இரண்டையும் 20 கேஜ் தகட்டில் அவரே மடித்தார். மடித்து முடித்ததும், வெல்டிங்குக்கு முன்பே, அடியில் துளை போட்டார். நான் சீலரைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தேன். எது நல்லது, எவ்வளவு கனம், எத்தனை டியூப். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுச் சொன்னார்:

'தண்ணி உள்ள வராம பண்ணிடலாம்னு நெனக்கிறீங்க தம்பி. வரும். காத்துல இருக்கற ஈரமே தகட்டுல வேர்க்கும். போறதுக்கு வழி வெச்சோமா, அத பாக்கணும்.'

பிறகு உதவிக்கு நிற்கும் பையனை அனுப்பி ஒரு துடைப்பம் வாங்கிவரச் சொன்னார். ஈர்க்குச்சியை உருவி, முழ நீளத்துக்கு ஒடித்து, ஒவ்வொரு துளையிலும் ஒன்றாகச் சொருகினார். சில்லுக்கு நான்கு, இரண்டு சில்லுக்கு எட்டு. கழற்றிச் சாத்தி வைத்திருந்த கதவுகளின் அடியில் மூன்று மூன்றாகப் பன்னிரண்டு. டிக்கியில் இரண்டு. மொத்தம் இருபத்திரண்டு. பிரைமர் அடிக்கும்போதும் சீலர் வைக்கும்போதும் குச்சி துளைக்குள் இருக்கும். எல்லாம் காய்ந்தபின் உருவிவிட்டால் துளை துளையாகவே இருக்கும்.

பிரைமர் பட்டுச் சாம்பல் பூத்த ஈர்க்குச்சிகள் வண்டிக்கு அடியில் மீசைபோல் நீட்டிக்கொண்டிருக்கின்றன. முதல் நாள் காலை அவற்றை எண்ணிவிட்டுத்தான் தொடங்கினேன். வேலை தொடங்குமுன் மனம் அடங்க எனக்கு அது உதவியது.

*

சீலரை வெறும் தகட்டின்மேல் வைக்கக்கூடாது. துருவின்மேல் வைக்கவே கூடாது. அடியில் என்ன இருக்கிறதோ அதைத்தான் அது பிடித்துக்கொள்ளும். அடியில் துரு இருந்தால் துருவை இறுகப் பிடித்துக்கொள்ளும், துரு உதிரும்போது கூடவே உதிரும். அதனால் பழையதை ஹீட் கன்னால் இளக்கிச் சுரண்டி, ஒயர் பிரஷ் போட்டு, உப்புத்தாள் தேய்த்து, எபாக்சி பிரைமர் அடித்து, அதன்மேல்தான் சீலர். துரு தின்ன அமிலம் பூசியிருந்தால் அதையும் கழுவித் துடைத்து எடுத்துவிட வேண்டும். மிச்சமிருக்கும் அமிலம் பிரைமரைத் தூக்கிவிடும். சுரண்டுகிற வேலை மட்டும் எனக்கு பதினோரு நாள் பிடித்தது. அதில் எழுத ஒன்றுமில்லை. தோள் வலித்தது.

குளியலறைக்குப் போடுகிற சிலிக்கான் கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று அதை வைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். செய்யவே கூடாது. இறுகும்போது புளிச்ச காடி நெடி வருகிறதே, அது வெளியேறுகிற அசிட்டிக் அமிலம். தகட்டைக் காக்க வைத்ததே தகட்டை அரிக்கும். அதன்மேல் பெயிண்டும் நிற்காது, கண் கண்ணாக விலகி நிற்கும். ஒருமுறை பட்டறைக்குள் நுழைந்துவிட்டால் துணியிலும் கையிலும் ஒட்டிக்கொண்டு பக்கத்து வண்டியின் பெயிண்டையும் கெடுக்கும்.

நான் எடுத்துக்கொண்டது பாலியூரித்தேன். இது ஒரு விநோதமான பண்டம். டியூபுக்குள் இருக்கும்வரை களிம்பு. வெளியே வந்ததும் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து இறுகத் தொடங்கும். முதலில் மேலே ஒரு தோல். பிறகு ஈரம் மெல்ல மெல்ல உள்ளே இறங்க இறங்க, ஒரு நாளைக்கு ஏறக்குறைய 3 மி.மீ. ஆழம் ரப்பராகும். வறண்ட ஊரில் காத்திருக்க வேண்டும். ஐப்பசிச் சென்னையில் அரைமணியில் தோல் கட்டிவிடுகிறது. தண்ணீரை நிறுத்த வைக்கிற பொருள் தண்ணீரால் முழுமையாகிறது என்பதை இந்த நான்கு நாளும் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அளவு மீறினால் கெடவும் செய்யும். ஈரத்தோடு சேரும்போது கார்பன் டை ஆக்சைடு வெளியாகும். கனமாக வைத்தாலோ ஈரத் தகட்டில் வைத்தாலோ உள்ளே குமிழ் குமிழாகப் பொங்கி இட்லி மாதிரி ஆகிவிடும்.

முதல் நாள் ஒரு தவறு செய்தேன். வழிப்பது சுலபமாக இருக்கட்டும் என்று விரலை ஸ்பிரிட்டில் தொட்டுத் தொட்டு வழித்தேன். மறுநாள் தொட்டால் பிசுபிசுத்தது. அதற்கு மறுநாளும் அப்படியே. ஸ்பிரிட் இந்தச் சீலரின் இறுகலை இடையில் புகுந்து தடுத்துவிடும். ஒன்றரை மீட்டர் நீளத்தையும் வழித்தெறிந்துவிட்டு மறுபடி வைத்தேன். இறுகாத நிலையில் இதில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சுக்குழலைக் கெடுத்து ஆஸ்துமாவில் கொண்டுபோய் விடக்கூடியது. எனக்கும் பாய்க்கும் பையனுக்கும் கையுறை வாங்கி வைத்திருக்கிறேன். கொட்டகையின் இரண்டு கதவுகளையும் திறந்து போட்டுத்தான் வேலை. பையன் கையுறையைக் கழற்றினால் நானும் வேலையை நிறுத்திவிடுகிறேன். இதில் விட்டுக்கொடுக்க மனமில்லை.

*

பாய் சொன்னது: அவருடைய தகப்பனார் காலத்தில் பெரிய கார்களின் வெளிப் பொருத்துகளுக்கு ஈயம்தான். வெள்ளீயம் 30, காரீயம் 70. இந்தக் கலவைக்கு ஒரு குணம் உண்டு. 183 டிகிரியில் இளகத் தொடங்கும், ஆனால் 255 வாக்கில்தான் முழுசாக உருகும். இடைப்பட்ட சூட்டில் வெண்ணெய் பதம். அந்தப் பதத்திலேயே தீயை ஏற்றியும் விலக்கியும் வைத்துக்கொண்டு, கொழுப்புத் தடவிய மரக்கரண்டியால் தேய்த்துத் தேய்த்துப் பொருத்தை மறைப்பார்கள். அதற்கு முன் தகட்டுக்குக் கலாய் பூச வேண்டும். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுகிற அதே கலாய்தான். நவச்சாரத் தூள், வெள்ளீயம், பஞ்சு. 'ஈயம் பூசறதுக்குத் தெருவுல வருவாங்கள்ல, அவங்க கைவேலதான் இது' என்றார். ஈயத்தை அரத்தால் மட்டும் ராவுவார்களாம், தேய்த்துத் தூளாக்கிப் பறக்கவிட மாட்டார்களாம். அதுவும் சரியான பழக்கம். அந்தத் தூள் உள்ளே போனால் ரத்தத்தில் தங்கும்.

*

தோணி கட்டுகிறவர்களிடம் இந்த வேலைக்கு நல்ல சொல் ஒன்று இருக்கிறது: கலப்பத்து. பலகைக்கும் பலகைக்கும் நடுவே பஞ்சுத்திரியை உளி வைத்துத் தட்டி இறக்கி, மேலே எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தைப் பூசுவது. அந்தச் சொல் கார்ப் பட்டறைக்கு வரவில்லை. சீலர் என்றே வந்தது, சீலர் என்றே இருக்கிறது. இந்தக் குறிப்பேட்டிலாவது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைக்க ஆசை.

கட்டுமரத்துக்குக் கலப்பத்து கிடையாது. அலை மரங்களுக்கு நடுவே ஏறி, வந்த வழியே இறங்கிப் போகும். அது மிதப்பது மரத்தின் குணத்தால். அடைத்த வயிற்றால் மிதப்பது தோணி. துறைமுகம் வருமுன் சென்னைக் கடற்கரையில் கப்பலிலிருந்து ஆளையும் சரக்கையும் கரைசேர்த்த மசூலாப் படகு இன்னொரு வகை. ஆணியே இல்லாமல் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து, தையலுக்கு அடியில் வைக்கோலைத் திணித்திருப்பார்கள். அந்த அலையில் விறைத்த படகுகள் உடைந்தன, தைத்த படகு வளைந்து கொடுத்தது.

கார் உடம்பும் ஓடும்போது முறுக்கிக்கொள்கிறது. ஒரு சக்கரம் குழியில் இறங்கினால் கதவுச் சட்டம் மயிரிழை கோணுகிறது. பொருத்துவாயில் கல்லாக இறுகும் எதை வைத்தாலும் ஒருநாள் விரிசல் விடும். ரப்பராக இறுகுவதுதான் கூடவே அசையும். பட்டியை வைத்துப் பொருத்தை மூடுகிற பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. அழகு ஓராண்டு நிற்கும். பிறகு அந்தக் கோட்டில் பெயிண்ட் வெடிக்கும்.

*

இன்று கூரை வாய்க்கால். நான்கு நாள் வேலையில் நான் பயந்தது இதற்குத்தான்.

வாய்க்காலின் இருபுறமும் பேப்பர் டேப் ஒட்டினேன். டியூபின் மூக்கைச் சாய்வாக வெட்டினேன், சந்தின் அகலத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக. கன்னின் விசையை அழுத்தி முன்தூணின் தலையிலிருந்து பின்னால் நடக்கத் தொடங்கினேன். கை நகரும் வேகமும் அழுத்தும் வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும். கை முந்தினால் கோடு மெலியும், விசை முந்தினால் பிதுங்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தால் நடுவில் மூச்சு வாங்கும், அந்த இடத்தில் கோடு நடுங்கும். மூச்சை அதன்போக்கில் விட்டுவிட்டால் கை தானே சமமாகப் போகிறது. அம்மா முறுக்கு அச்சைத் திருகிக்கொண்டே பேசிக்கொண்டிருப்பாள், சுற்று பிசகாது. அது ஞாபகம் வந்தது.

வைத்ததும் விரலால் ஒரே இழுப்பு. அழுத்திச் சந்துக்குள் தள்ள வேண்டும். மேலோடு தடவி அழகு பார்த்தால் அடியில் காற்று நின்றுவிடும். தோல் கட்டுவதற்குள் டேப்பை உரித்துவிட வேண்டும். உரித்தபோது இருபுறமும் கத்தி வெட்டியதுபோல் விளிம்பு. நடுவே மெல்லிய பள்ளமாக, மழைநீர் பின்னால் ஓடுவதற்கு வாட்டமாக.

இறங்கி வந்து தூரத்தில் நின்று பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அப்பா துடைத்த தண்ணீர் எல்லாம் இந்தக் கோட்டின் வழியே வந்தது.

*

பின் சீட்டுக்கு அடியில், சக்கர வளைவு தரையோடு சேருமிடத்தில், ஒரு முழ நீளத்துக்கு 1969-இல் வைத்த சீலர் அப்படியே இருக்கிறது. கறுத்து, தோல்போல் இருக்கிறது. கத்தி முனையால் நெம்பிப் பார்த்தேன், விடவில்லை. சுற்றிலும் துருப் பொட்டு ஒன்றுகூட இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் பிரஷ் ஓடிய கோடுகள் தெரிகின்றன. இடமிருந்து வலமாக இரண்டு இழுப்பு, மூலையில் அவசரமாக ஒரு குத்து. அந்தக் குத்தில் பிரஷின் முடி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பழைய கார்களை அச்சு மாறாமல் மீட்கிறவர்கள் உலகெங்கும் இதை ஒரு படிப்பாகவே வைத்திருக்கிறார்கள். எந்தப் பொருத்தில் எவ்வளவு கனம், எங்கே பிரஷ், எங்கே விரல், எங்கே தொழிலாளி அவசரப்பட்டான். போட்டிக்கு வரும் வண்டியில் சீலர் கோடு அச்சில் வார்த்ததுபோல் இருந்தால், தொழிற்சாலையில் இப்படி இருந்ததில்லை என்று மதிப்பெண் குறைப்பதும் உண்டு. நான் போட்டிக்குப் போகவில்லை. ஆனால் இந்த ஒரு முழத்தைச் சுரண்ட மனம் வரவில்லை. நல்ல பொருத்தைப் பிரிக்காதே என்பது தொழிலிலும் சரியான முடிவுதான். பிரித்தால் கிளறிவிட்டதாகும். குர்லாவில் யாரோ ஒருவர், ஷிஃப்ட்டின் எந்த நேரத்திலோ, குனிந்து கைவிட்டுச் செய்த வேலை. ஐம்பது ஆண்டுக்கு மேல் தண்ணீரைத் தடுத்திருக்கிறது. அதன் ஓரத்தில் என் சீலரை மெல்லியதாக ஏற்றி முடித்தேன். முடி இருந்த இடத்தைத் தொடவில்லை.

*

நான்காம் நாள் மாலை. எல்லாம் இறுகிவிட்டது. பெயிண்டர் நாளை வருகிறார். பெயிண்ட் முடிந்து எல்லாம் மாட்டிய பிறகு சில்லுக்குள்ளும் கதவுக்குள்ளும் மெழுகு அடிக்க வேண்டும். நீள் குழலை உள்ளே விட்டு, நாலாபக்கமும் தூவுகிற மெழுகு. முன்பெல்லாம் பழைய இன்ஜின் ஆயிலையே அடிப்பார்கள். தரையெல்லாம் சொட்டும், ஆனால் பல வண்டிகளை அது காப்பாற்றியிருக்கிறது. அந்த மெழுகிலும் மிஞ்சியது துளை வழியே சொட்டி வெளியேற வேண்டும்.

பாய் தொழுகைக்குப் போயிருக்கிறார். நான் அடியில் படுத்து ஈர்க்குச்சிகளை உருவத் தொடங்கினேன். மெல்லத் திருகி இழுத்தால் சீலரை விட்டு வருகிறது, பின்னால் சுத்தமான ஒரு கருந்துளை. வலது சில்லில் நான்கு. கதவுகளில் பன்னிரண்டு. டிக்கியில் இரண்டு. இடது சில்லில் மூன்று. மார்பின்மேல் வைத்து எண்ணினேன். இருபத்தொன்று.

மறுபடி எண்ணினேன்.

இடது சில்லின் அடியை டார்ச் அடித்துப் பார்த்தால் முழுக்க ஒரே சீர். பின்கோடியில் என் சீலர் மிக நன்றாக வந்திருக்கிறது. இரண்டாம் நாள் மாலை வழித்தது. அன்று கை நன்றாக ஓடியது என்று குறிப்பேட்டில்கூட எழுதியிருக்கிறேன். கண்ணுக்கு எதுவும் அகப்படவில்லை. விளக்கை அணைத்துவிட்டு, கையுறையைக் கழற்றி, சுட்டுவிரலை முன்னிருந்து பின்னால் மெதுவாக நகர்த்திக்கொண்டு போனேன். பின்சக்கர வளைவுக்கு ஒரு சாண் முன்னால், வழவழப்புக்கு அடியில், அரிசிக்குருணை அளவு ஏதோ நெருடியது. ஒடிந்த குச்சியின் முனை.

விரலை அங்கேயே வைத்துக்கொண்டு, பையனைக் கூப்பிட்டு பிளேடு கேட்டேன்.